இரு பட்டியல்களுக்கு நடுவே: குறுக்குவெட்டுத்தன்மையும் சட்டத்தின் பார்வையும்

பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் எந்த நாட்டில் இயற்றப்பட்டாலும் பெரும்பாலும் ஒரு பட்டியலோடுதான் தொடங்குகிறது. இனம், நிறம், மதம், சாதி, பாலினம், பிறந்த இடம் என்று காரணங்களை வரிசையாக அடுக்கி, இவற்றுள் எதன் பொருட்டும் ஒருவரை ஒதுக்கி வைக்கலாகாது என்று அது விதிக்கிறது. பட்டியல் இல்லாமல் நீதிமன்றம் இயங்குவது கடினம். எது தவறு என்று முன்கூட்டியே சொல்லப்படாத இடத்தில் வழக்குத் தொடுக்கவே வழி இராது. ஆனால் பட்டியலில் தனித்தனி வரிகளாக நிற்கும் சாதியும் பாலினமும் மதமும் மாற்றுத்திறனும் ஒருவருடைய வாழ்வில் பின்னிப் பிணைந்து கிடப்பதால், அவை சேருமிடத்தில் நேரும் தீங்கு எந்த வரியின் கீழும் பதிவாகாமல் போய்விடுவதுண்டு. இந்த நிலையைக் குறிக்கவே குறுக்குவெட்டுத்தன்மை என்னும் கலைச்சொல் சட்டத்துறையிலும் சமூக அறிவியலிலும் வழங்குகிறது. ஒருவருக்குப் பல அடையாளங்கள் உண்டு என்பது யாரும் மறுக்காத செய்தி; அதைச் சொல்லப் புதிய சொல் எதுவும் வேண்டியதில்லை. அந்த அடையாளங்களை அளந்து பதிய நாம் வைத்திருக்கும் முறைகள் யாரைத் தவறவிடுகின்றன என்று கேட்பதற்கே அச்சொல் தேவைப்பட்டது.

அக்கேள்வி கூர்மை பெற்ற இடம் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரத்து மோட்டார் வாகனத் தொழிற்சாலை. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தமான அத்தொழிற்சாலையில் கறுப்பின ஆண்கள் தொழிற்கூடத்திலும் வெள்ளையினப் பெண்கள் அலுவலகத்திலும் வேலை பார்த்துவந்தனர். கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுப்பதென்பது 1964-க்கு முன்பு அங்கு ஏறத்தாழ வழக்கத்திலேயே இல்லை. அந்த ஆண்டில் நிறைவேறிய குடிமை உரிமைச் சட்டத்தின் ஏழாம் பகுதி, வேலைவாய்ப்பில் இனம், நிறம், மதம், பாலினம், பூர்விக நாடு ஆகியவற்றின் பேரில் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்த பிறகே அவர்களுக்குக் கதவு திறந்தது. 1970-களின் நடுவில் பொருளாதார மந்தம் வந்து ஆட்குறைப்புச் செய்ய நேர்ந்தபோது, நிறுவனம் பணிமூப்பு முறையைப் பின்பற்றியது. கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியேற வேண்டும் என்னும் அந்த முறை இந்தியத் தொழிலாளர்களுக்கும் புதிதன்று. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டமும் ஆட்குறைப்புக்கு அதையே பொது விதியாக வைத்திருந்தது. முதலாளியின் விருப்பு வெறுப்புக்கு இடங்கொடாத முறை என்பதால் தொழிற்சங்கங்கள் போராடிப் பெற்ற பாதுகாப்பு அது. செயின்ட் லூயியிலோ, 1970-க்குப் பின் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அனைவரையும் அது ஒருசேர வெளியே தள்ளியது. முன்பே சேர்க்காமல் விட்டது ஒரு தவறென்றால், முன்பே சேரவில்லை என்பதையே காரணமாகக் காட்டி நீக்கியது அத்தவறின் தொடர்ச்சி. இடையில் நின்ற விதியில் மட்டும் குறையொன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை.

வேலையிழந்தவர்களுள் ஐந்து பெண்கள் வழக்குத் தொடுத்தனர். டிகிராஃபன்ரீட் வழக்கு என்று அறியப்படும் அதில் 1976-இல் தீர்ப்பளித்த மாவட்ட நீதிமன்றம், கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொண்டது. இந்நிறுவனம் பெண்களுக்கு வேலை தந்திருக்கிறதா என்று பார்த்தபோது, 1964-க்கு முன்பிருந்தே தந்திருந்தது. அவர்கள் வெள்ளையினப் பெண்கள் என்பது அக்கேள்விக்கு வெளியே நின்றுவிட்டது. ஆகவே பாலினப் பாகுபாடு இல்லை என்று முடிவாயிற்று. இனப் பாகுபாடு என்றால், அதே நிறுவனத்தின் மீது ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த மற்றொரு வழக்கோடு சேர்ந்துகொள்ளலாம் என்று நீதிமன்றம் வழிகாட்டியது. அந்த வழக்கில் பணிமூப்பு முறைக்கு எதிரான இந்தக் கோரிக்கை இடம்பெறவில்லை. கறுப்பினப் பெண்கள் என்று ஒரு தனி வகுப்பினரை ஏற்று இரு காரணங்களையும் இணைத்துப் பரிகாரம் கேட்க இடமளித்தால், இணைப்புகளுக்கு முடிவே இராது என்னும் அச்சமும் தீர்ப்பில் வெளிப்பட்டது. மறு ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த வாதமுறையை முழுவதுமாக ஏற்கவில்லை என்றாலும், பணிமூப்பு விதியில் அதுவும் கைவைக்கவில்லை. வெள்ளையினப் பெண்களும் கறுப்பின ஆண்களும் காப்பாற்றப்படும் அளவுக்கு மட்டுமே கறுப்பினப் பெண்கள் காப்பாற்றப்படுவார்கள் என்பதே இதன் நடைமுறைப் பொருள்.

கிம்பர்லி கிரென்ஷா என்னும் சட்ட அறிஞர் 1989-இல் வெளியிட்ட கட்டுரை, இந்த வழக்கை வேறு இரண்டு வழக்குகளோடு சேர்த்து வைத்துப் படித்தது. ஹெலிகாப்டர் நிறுவனம் ஒன்றின் பதவி உயர்வு முறையை எதிர்த்த கறுப்பினப் பெண் ஒருவர், தாம் கறுப்பினப் பெண் என்ற நிலையில் பாதிக்கப்பட்டதாகச் சொன்னதனாலேயே, அங்குள்ள பெண்கள் எல்லாருக்கும் பிரதிநிதியாக நிற்க இயலாதவர் ஆனார். மிசிசிப்பியில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் மீது இனப் பாகுபாட்டு வழக்குத் தொடுத்த கறுப்பினப் பெண்களோ, பெண்கள் என்பதனால் கறுப்பின ஆண்களின் சார்பில் பேசத் தகுதியற்றவர்கள் என்று சொல்லப்பட்டது. மூன்று தீர்ப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் முரண் துலங்கும். ஓரிடத்தில் அவர்கள் மற்றவர்களோடு ஒத்தவர்கள் என்பதால் தனி உரிமை மறுக்கப்பட்டது. மற்ற இரண்டிடங்களில் மற்றவர்களிடமிருந்து வேறுபட்டவர்கள் என்பதால் பொதுவுரிமை பேசும் தகுதி மறுக்கப்பட்டது. இதை விளக்கக் கிரென்ஷா நாற்சந்தியை உவமையாக எடுத்தார்: பல திசைகளிலிருந்து வண்டிகள் வந்துபோகும் சந்திப்பில் அடிபட்டுக் கிடப்பவரை எந்த வண்டி மோதியது என்று உறுதியாகச் சொல்ல முடியாதபோது, எந்த ஓட்டுநரும் பொறுப்பேற்பதில்லை.

இவ்வுவமையைக் கூட்டல் கணக்காகப் புரிந்துகொள்ளும் பழக்கம் பரவலாக இருக்கிறது. இனத்தால் ஒரு பங்கு, பாலினத்தால் ஒரு பங்கு, வறுமையால் ஒரு பங்கு என்று துன்பத்தை நிறுத்துக் கூட்டிவிடலாம் என்று நினைப்பது, எந்தப் பிரிப்பை எதிர்த்து இக்கருத்தாக்கம் எழுந்ததோ அந்தப் பிரிப்பையே மறுபடியும் கொண்டுவந்து சேர்க்கிறது. செயின்ட் லூயித் தொழிற்சாலையில் கறுப்பின ஆண்கள் பட்டதையும் வெள்ளையினப் பெண்கள் பட்டதையும் கூட்டினால் கறுப்பினப் பெண்கள் பட்டது கிடைத்துவிடாது. தொழிற்கூடம் பெண்களுக்கு உரியதன்று, அலுவலகம் கறுப்பினத்தவருக்கு உரியதன்று என்னும் இரு வழக்கங்கள் சேர்ந்தபோது அவர்களுக்கென்று எந்த வேலையும் மிஞ்சவில்லை என்பது முற்றிலும் வேறொரு நிலை. அமெரிக்க நீதிமன்றங்களே பிறகு ஓரளவு இறங்கி வந்தன. 1980-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் கறுப்பினப் பெண்களைத் தனியே பாதுகாக்கத் தக்க பிரிவினராக ஏற்றது. ஆனால் 1986-இல் மற்றொரு நீதிமன்றம், பாலினத்தோடு இன்னும் ஒரே ஒரு காரணத்தைத்தான் சேர்க்கலாம், அதற்கு மேல் இல்லை என்று வரம்பு கட்டியது. இனமும் பாலினமும் ஒருவரிடம் சேரலாம், அவர் முதியவராகவும் இருப்பதைச் சட்டம் தாங்காது என்று எல்லை குறிக்க நேர்ந்ததில் சற்று நகைப்புக்கும் இடமுண்டு.

1991-இல் கிரென்ஷா எழுதிய அடுத்த கட்டுரை நீதிமன்றத்தை விட்டு, வீட்டு வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான காப்பகங்களுக்குள் சென்றது. வேலை, வீடு, மொழி, குடியுரிமை போன்ற வாழ்க்கைச் சூழல்கள் ஒன்றுசேர்ந்து ஒருவரை முடக்குவதை அவர் அமைப்புசார்ந்த குறுக்குவெட்டு என்றும், ஒருவர் சார்ந்திருக்கும் இரு இயக்கங்களின் நோக்கங்கள் எதிரெதிராக இழுப்பதால் அவருடைய குரல் அமுங்கிப்போவதை அரசியல்சார்ந்த குறுக்குவெட்டு என்றும் பிரித்தார். முதல் வகைக்குக் குடியேற்றச் சட்டம் நல்ல சான்று. போலித் திருமணங்களைத் தடுக்க 1986-இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, மணவுறவின் வழியாக அமெரிக்காவுக்கு வந்தவர் இரண்டு ஆண்டுகள் அந்த உறவில் நீடித்த பிறகே நிரந்தர உரிமை கேட்க முடியும். அடிக்கும் கணவனை விட்டு விலகினால் நாட்டை விட்டே அனுப்பப்படலாம். 1990-இல் விலக்கு ஒன்று சேர்க்கப்பட்டது. ஆனால் காவல்துறை, மருத்துவர், சமூகப்பணி நிறுவனம் ஆகியோரிடமிருந்து சான்று கொண்டுவர வேண்டியிருந்ததால், ஆங்கிலம் தெரியாமல், வெளியுலகத் தொடர்பெல்லாம் கணவன் வழியாகவே அமைந்திருந்த பெண்களுக்கு அந்த விலக்கு கைக்கு எட்டாமலே கிடந்தது. காப்பகமொன்று, கொலை மிரட்டலுக்கு அஞ்சி ஓடிவந்த லத்தீன் அமெரிக்கப் பெண்ணுக்கு, அவருக்குப் போதிய ஆங்கிலம் வராது என்பதற்காக இடம் தர மறுத்ததும் அக்கட்டுரையில் பதிவாகியுள்ளது. கலந்துரையாடல்கள் ஆங்கிலத்தில் நடப்பதால் அவர் தனிமைப்பட்டுப் போவார் என்பது காப்பகத்தார் சொன்ன காரணம். மறுப்பும் அவருடைய நலத்தின் பேரில்தான் சொல்லப்பட்டது.

இரண்டாம் வகைக்கு அவர் காட்டும் சான்று இன்னும் கூர்மையானது. லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறையிடம் வீட்டு வன்முறைப் புகார்களைப் பகுதிவாரியாகக் கேட்டபோது அவை தரப்படவில்லை. சிறுபான்மையினரின் பகுதிகளில் எண்ணிக்கை மிகுந்து காணப்பட்டால், இது அவர்களுடைய சிக்கல், நமக்கென்ன என்று அரசு ஒதுங்கிவிடும் என்று பெண்ணுரிமைச் செயற்பாட்டாளர்கள் அஞ்சினர். அதே எண்ணிக்கை தங்கள் ஆண்களைக் கொடியவர்களாகக் காட்டும் பழைய அவதூறுக்குத் துணைபோகும் என்று சிறுபான்மையினரின் பிரதிநிதிகளும் கவலைப்பட்டனர். இரு தரப்பினரின் அச்சத்துக்கும் அடிப்படை உண்டு. அவ்விரு நியாயங்களுக்கும் நடுவே, யாருடைய நிலையை அறிவதற்காக அப்புள்ளிவிவரம் கேட்கப்பட்டதோ அந்தப் பெண்கள் காணாமற்போயினர்.

சொல் 1989-இல் வந்ததே தவிர, அறிவு அன்று பிறந்ததன்று. பாஸ்டன் நகரத்துக் கறுப்பினப் பெண்கள் 1970-களில் அமைத்த கும்பாஹீ ஆற்றுக் குழு, ஒடுக்குமுறைகள் ஒன்றோடொன்று பூட்டப்பட்டவை என்பதைத் தன் 1977-ஆம் ஆண்டு அறிக்கையில் விரிவாகவே வாதிட்டது. 1863-இல் அடிமை ஒழிப்புப் போராளி ஹாரியட் டப்மன் முன்னின்று 700-க்கும் மேற்பட்ட அடிமைகளை விடுவித்த ஆற்றின் பெயரை அக்குழு தாங்கியிருந்தது. அதற்கும் முன்பு, 1851-இல் ஒஹையோ மாநிலத்துப் பெண்ணுரிமை மாநாட்டில் பேசிய சோஜர்னர் ட்ரூத்தின் உரையை இக்கருத்தின் முன்னோடியாக எடுத்துக்காட்டுவது வழக்கம். அந்த உரைக்கு இரு வடிவங்கள் உள்ளன என்பதும், பலரும் மனப்பாடமாகச் சொல்லும் வடிவம் 12 ஆண்டுகள் கழித்து ஒரு வெள்ளையினப் பெண்மணி எழுதி வெளியிட்டது என்பதும், நியூயார்க்கில் டச்சு மொழி பேசி வளர்ந்த ட்ரூத்தின் வாயில் அது தென்மாநிலத்துப் பேச்சுவழக்கை வைத்தது என்பதும் பொதுவாகச் சொல்லப்படுவதில்லை. ஒரு கறுப்பினப் பெண் எப்படிப் பேசியிருப்பார் என்று பிறர் எண்ணினார்களோ அப்படியே அவர் வரலாற்றில் பேசிக்கொண்டிருக்கிறார்.

இந்தியாவிலோ இப்பின்னலைப் பற்றிய எழுத்து கும்பாஹீ குழுவுக்கும் மிக முந்தியது. புனேயில் ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாய் பூலேயும் நடத்திய பள்ளியில் படித்த, மாங் சாதியைச் சேர்ந்த முக்தா சால்வே என்னும் சிறுமி, 1855-இல் ஞானோதயா இதழில் வெளிவந்த தன் கட்டுரையில், மாங், மகர் மக்களின் துயரத்தைச் சொல்லிவரும்போது, அச்சாதிப் பெண்கள் தலைக்குமேல் கூரைகூட இல்லாத நிலையில் பிள்ளை பெறுவதைத் தனியே எடுத்துச் சொன்னார். 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழக மானுடவியல் கருத்தரங்கில் அம்பேத்கர் வாசித்த கட்டுரை கோட்பாட்டளவில் இன்னும் ஆழமானது. சாதி என்பது தனக்குள்ளேயே மணம் முடிக்கும் அகமண முறையால் நிலைபெறுகிறது. அம்முறையைக் காப்பாற்ற வேண்டுமானால், கணவனை இழந்த பெண் சாதிக்கு வெளியே மணம் செய்துகொள்ளாமலும் சாதிக்குள் மற்றவருக்குரிய துணையை எடுத்துக்கொள்ளாமலும் தடுக்கப்பட வேண்டும். உடன்கட்டை, கட்டாய விதவைக்கோலம், குழந்தை மணம் ஆகியவை அதற்கான கருவிகள் என்பது அவருடைய வாதம். இவ்வாதத்தை ஏற்றால், சாதியை ஒரு பாடத்திலும் பெண்ணடிமையை மற்றொரு பாடத்திலும் படிப்பது இயலாத காரியம். அமெரிக்க விவாதத்தை அறிமுகம் செய்யும் இந்திய நூல்கள் பலவும் இதை அடிக்குறிப்பில் தள்ளிவிடுவது வியப்புக்குரியது.

இந்திய நீதிமன்றங்கள் இந்தப் பின்னலை ஏற்கத் தயங்கியதற்கு அரசமைப்பின் சொற்களையே காரணமாகக் காட்டின. மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் அல்லது இவற்றுள் எதனையேனும் மட்டும் காரணமாகக் கொண்டு அரசு எந்தக் குடிமகனுக்கும் பாகுபாடு காட்டலாகாது என்று 15-ஆம் உறுப்பு விதிக்கிறது. ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் தொடுத்து 1981-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கில் இந்த 'மட்டும்' பெரிதாக நின்றது. அவர்கள் 35 வயதில், அல்லது பணியில் சேர்ந்த நான்கு ஆண்டுகளுக்குள் மணம் செய்துகொண்டால் அப்போதே, அல்லது முதன்முறை கருவுற்றதும், இவற்றுள் எது முதலில் வருகிறதோ அதன்படி பணியை விட்டுப் போக வேண்டியிருந்தது. விமானத்தில் உடன் பணிபுரிந்த ஆண்களுக்கோ ஓய்வு வயது 58. கருவுறுதல் பற்றிய விதியை நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்து நீக்கியது. ஆனால் அரசமைப்பு தடுப்பது பாலினத்தை மட்டும் காரணமாகக் கொண்ட பாகுபாட்டைத்தான், பாலினத்தோடு வேறு காரணங்களும் சேர்ந்திருந்தால் அத்தடை பொருந்தாது என்று கூறி, பணி நிலைகளில் இருந்த வேறுபாட்டைச் சுட்டி மற்றதைப் பெரும்பாலும் விட்டுவைத்தது. செயின்ட் லூயியில் இரு காரணங்கள் சேர்ந்ததால் வழக்கு தோற்றதுபோலவே இங்கும் ஆயிற்று. ஒரு காரணத்தோடு இன்னொன்று சேரும்போது அநீதி பெருகுகிறது என்று சாதாரண மனிதர் எண்ணுமிடத்தில், அது கரைந்துபோகிறது என்று சட்டம் எண்ணியது. 2018-இல் ஓரினச் சேர்க்கை குற்றமன்று என்று தீர்ப்பளித்தபோது நீதிபதி சந்திரசூட் இந்தப் பழைய வாதமுறையின் குறையைத் தனியே எடுத்துக் காட்டினார்.

குறுக்குவெட்டுத்தன்மையை உச்ச நீதிமன்றம் பெயர் சொல்லி விரிவாக ஆராய்ந்தது 2021 ஏப்ரலில். ஆந்திரப் பிரதேசத்தில் 2011-இல் நடந்த பாலியல் வன்கொடுமை பற்றிய மேல்முறையீடு அது. பாதிக்கப்பட்டவர் பிறவியிலேயே பார்வையற்றவர், அட்டவணைச் சாதியைச் சேர்ந்தவர், பெண். குற்றம் செய்தவன் அவருடைய சகோதரர்களுக்குப் பழக்கமானவனாக வீட்டுக்கு வந்துபோனவன். அவனை அவர் குரலால் அடையாளம் கண்டு சாட்சி சொன்னார். பார்வையால் அடையாளம் காண்பதற்குச் சற்றும் குறைந்ததன்று இது என்றும், மாற்றுத்திறனாளியின் சாட்சியத்தைத் தரம் தாழ்ந்ததாகக் கருதலாகாது என்றும் தீர்ப்பு கூறியது. பாலினம், சாதி, மாற்றுத்திறன் மூன்றும் அவருடைய நிலையில் எவ்வாறு ஒன்றாகிக் கிடந்தன என்பதையும், சாதி மட்டுமே காரணம் என்று நிறுவச் சொல்வது சமூக ஏற்றத்தாழ்வு செயற்படும் விதத்தையே மறுப்பதாகும் என்பதையும் அது பக்கம் பக்கமாக விளக்கியது. அதன் பிறகு, பாதிக்கப்பட்டவரின் சாதியின் காரணமாகவே குற்றம் நடந்தது என்பதற்குத் தனிச் சான்று அரசுத் தரப்பில் வைக்கப்படவில்லை என்று சொல்லி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழான தண்டனையை நீக்கி, பாலியல் வன்கொடுமைக்கான ஆயுள் தண்டனையை மட்டும் உறுதிசெய்தது. கோட்பாட்டை முழுமையாக உள்வாங்கிய தீர்ப்பு, சான்று என்னும் படியில் கால் வைத்ததும் சாதியைத் தனியே பிரித்துக் காட்டச் சொன்னது. குற்றம் நடந்த காலத்துச் சட்டத்தின் வாசகம் அதற்கு ஒரு காரணம். 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பாதிக்கப்பட்டவர் அச்சாதியினர் என்று தெரிந்திருந்தாலே போதும். கோட்பாட்டின் பெயரைக்கூடச் சொல்லாத அந்தச் சிறு திருத்தம், நீண்ட தீர்ப்பால் இயலாததைச் செய்துவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

அடையாளங்கள் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கப்பட்டவை அல்ல, ஒன்று மற்றொன்றின் இருப்பையே மாற்றக்கூடியது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே தெளிவான எடுத்துக்காட்டு தலித் கிறித்தவர்களின் நிலை. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை அட்டவணைச் சாதித் தகுதியை முதலில் இந்துக்களுக்கு உரியதாக்கி, 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்துக்கொண்டது. கிறித்தவர்களும் முஸ்லிம்களும் இன்றும் வெளியேதான். எனவே ஞானஸ்நானம் பெற்ற பறையரோ அருந்ததியரோ தமிழ்நாட்டு அரசின் பட்டியலில் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் ஆகிறார். ஊரில் அவர் குடியிருக்கும் தெரு மாறுவதில்லை. சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில்கூட அவருக்குத் தனிப்பகுதிதான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு மட்டும் அவரை விட்டு அகன்றுவிடுகிறது. சமூகத்தில் நீடிக்கும் சாதி சட்டத்தின் கண்ணுக்கு மதத்தால் மறைந்துபோகும் இந்த இடத்தில், பெண்ணாக இருப்பதும் சேரும்போது என்ன நேர்கிறது என்பதைப் பாமாவின் கருக்கு 1992-இலேயே தமிழுக்குக் கொண்டுவந்தது. கன்னியர் மடத்துக்குள் சென்று வெளியேறிய தலித் பெண்ணின் தன்வரலாறு அது.

இக்கருத்தாக்கத்தின் மீது வைக்கப்படும் குற்றச்சாட்டுகளுள் இரண்டு மட்டும் இங்கே பொருட்படுத்தத் தக்கவை. இந்தியாவில் 'பெண்' என்பது ஒருபோதும் ஒரே வகுப்பாக எண்ணப்பட்டதில்லை, சாதியும் சமயச் சமூகமும் அதை எப்போதும் உள்ளிருந்தே கலைத்துக்கொண்டிருந்தன; ஆகவே அமெரிக்கச் சட்டத்தின் தேவையிலிருந்து பிறந்து, பன்னாட்டு நிறுவனங்களின் வழியாகப் பரவும் இச்சொல் இங்கே புதிதாக எதையும் காட்டவில்லை என்று பெண்ணியக் கோட்பாட்டாளர் நிவேதிதா மேனன் 2015-இல் வாதிட்டார். அதே ஆண்டு பெண்ணிய அறிஞர் மேரி ஜான் அதற்கு மறுமொழி எழுதினார். இந்தியப் பெண்ணியம் சாதியைப் பேசியே வந்தது என்பது முழு உண்மையன்று என்பதற்குத் தலித் பெண்கள் 1990-களில் தங்களுக்கென்று தேசிய அளவில் தனி அமைப்புக் காண நேர்ந்ததே போதிய சான்று. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க 1997-இல் வந்த விசாகா தீர்ப்பின் வாசகத்தைப் பார்த்தாலும் இது விளங்கும்: குழந்தை மணத்தைத் தடுக்க முயன்றதற்காக ஆதிக்கச் சாதி ஆண்களால் தாக்கப்பட்ட பன்வாரி தேவி அங்கே ராஜஸ்தானின் ஒரு கிராமத்துச் சமூகப் பணியாளர் மட்டுமே, சாதி அந்தத் தீர்ப்புக்குள் நுழையவில்லை. மற்றொரு குற்றச்சாட்டு, பிரித்துக்கொண்டே போனால் ஒவ்வொருவரும் ஒரு தனி வகுப்பாகி, பொதுப் போராட்டமே இல்லாமற்போகும் என்பது. 1976-இல் நீதிபதி அஞ்சியதும் இதற்குத்தான். நடைமுறையில் எல்லாச் சேர்க்கைகளும் தீங்கை விளைப்பதில்லை; விளைக்கும் சேர்க்கைகளைத் தேடிக் கண்டுபிடிப்பதே வேலை.

அந்த வேலையைத் தமிழ்நாட்டின் பணி நியமன எழுத்தர்கள் கோட்பாட்டின் துணையின்றியே செய்துவருகிறார்கள் என்று சொன்னால் மிகையாகாது. தேர்வாணையத்தின் அறிவிக்கையில் காலியிடங்களைப் பகிரும் பட்டியலைப் பார்த்தவர்கள், 'ஆதி திராவிடர் (அருந்ததியர்) – பெண்கள் – தமிழ் வழியில் பயின்றோர்' என்பது போன்ற வரிகளையும், ஆதரவற்ற விதவை என்னும் மேலும் ஓர் உட்பிரிவையும் கண்டிருப்பார்கள். 69 விழுக்காட்டு இடஒதுக்கீடு பிற்படுத்தப்பட்டோர், பிற்படுத்தப்பட்ட முஸ்லிம், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், ஆதி திராவிடர், அருந்ததியர், பழங்குடியினர் என்று சமூகவாரியாகப் பிரிவதைச் செங்குத்து ஒதுக்கீடு என்பர். பெண்கள், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்கு அந்த ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் குறுக்கே செல்லும் ஒதுக்கீடு கிடைமட்ட ஒதுக்கீடு. இரண்டும் ஒன்றையொன்று வெட்டிச் செல்வதை 1992-ஆம் ஆண்டு மண்டல் வழக்கின் தீர்ப்பு தெளிவாக வகுத்துத் தந்தது. 200 இடங்கள் கொண்ட இனச்சுழற்சிப் பட்டியலில் இவையெல்லாம் முன்கூட்டியே எண்ணிடப்பட்டுவிடுகின்றன.

ஆனால் கட்டங்கள் வரைந்துவிட்டால் மட்டும் ஆட்கள் தவறிப்போகாமல் இருப்பதில்லை. உத்தரப் பிரதேசக் காவலர் தேர்வில் பொதுப்பிரிவுப் பெண்களுக்குரிய கடைசி இடம் 274.8298 மதிப்பெண்ணுக்குக் கிடைத்தபோது, அதைவிடக் கூடுதலாகப் பெற்ற பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பெண்களுக்கு வேலை கிடைக்கவில்லை. அவர்கள் தங்கள் வகுப்பின் பெண்களுக்குரிய இடத்தில்தான் போட்டியிட முடியும், பொதுப்பிரிவின் பெண்கள் இடம் அவர்களுக்குத் திறந்ததன்று என்று அரசு வாதிட்டது. பெண் என்னும் தகுதி அவர்களுடைய சாதிக்குள் மட்டுமே செல்லும் என்பதே அதன் உட்பொருள். பொதுப்பிரிவு என்பது உயர்சாதியினருக்கான ஒதுக்கீடன்று, எல்லாருக்கும் திறந்த இடம் என்று கூறி 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அப்பெண்களுக்கு வேலை தர ஆணையிட்டது. திருநங்கைகள், திருநம்பிகள் நிலையில் கட்டமே தவறாக வரையப்பட்டது. அவர்களைச் சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பினராகக் கருத வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதையடுத்து, தமிழ்நாடு அரசு 2015-இல் அவர்களை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. பாலின அடையாளம் இவ்வாறு ஒரு சாதியின் இடத்தில் வைக்கப்பட்டதால், ஏற்கெனவே ஆதி திராவிடராகவோ பழங்குடியினராகவோ பிறந்த திருநங்கைக்கு அந்த ஏற்பாட்டில் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை. கர்நாடகம் 2021-இல் எல்லாப் பிரிவுகளுக்குள்ளும் ஒரு விழுக்காடு கிடைமட்ட ஒதுக்கீட்டைத் தந்திருந்த நிலையில், பாலின அடையாளத்தைச் சாதியாகக் கருதிய ஆணையை 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்க மறுத்தது.

கட்டங்களைச் சரியாக வரைய வேண்டுமானால், யார் எங்கே தவறிப்போகிறார் என்னும் விவரம் முதலில் வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கை பெண்களுக்கு எதிரான குற்றங்களை ஓர் அத்தியாயத்திலும் அட்டவணைச் சாதியினருக்கு எதிரான குற்றங்களை வேறோர் அத்தியாயத்திலும் தருகிறது. அட்டவணைச் சாதிப் பெண்கள் மீதான பாலியல் வன்கொடுமை இரண்டாவதில் தனி வரியாகவே கிடைக்கிறது. பாதிக்கப்பட்டவர் மாற்றுத்திறனாளியா என்பதற்கு அவ்வட்டவணைகளில் இடமில்லாமல் இருந்தது. 2021-ஆம் ஆண்டுத் தீர்ப்பு இக்குறையையும் கவனித்து, பாலினம் சார்ந்த வன்முறையைப் பதியும்போது மாற்றுத்திறனையும் ஒரு கூறாகப் பிரித்துத் தொகுக்கும் வாய்ப்பைப் பரிசீலிக்குமாறு காப்பகத்தைக் கேட்டுக்கொண்டது. அந்தத் தொகுப்பு ஒரு காவல் நிலையத்தில் எழுதப்படும் முதல் தகவல் அறிக்கையிலிருந்துதான் தொடங்க வேண்டும். புகாரைக் கேட்டு எழுதும் காவலர், சாதிச் சான்றிதழைக் கேட்பதுபோலவே மாற்றுத்திறனாளி அடையாள அட்டையையும் கேட்டு, இரண்டையும் ஒரே தாளில் பதிந்தாக வேண்டும்.